எஞ்சின் வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தம், கதவை மூடினால் நின்றுபோகும் ஸ்பீக்கர்: எதிலிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

கேள்வி: வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய கார் இருக்கிறது. காரோடு வந்த ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு, தொடுதிரை உள்ள ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஒன்றையும், டிக்கியில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயரையும், 10 அங்குல சப்வூஃபரையும் இங்குள்ள ஒரு கடையில் பொருத்தினேன். முன்கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து இயங்குகின்றன. பின்கதவு ஸ்பீக்கர்கள் இரண்டும் ஸ்டீரியோவிலிருந்து நேரடியாக இயங்குகின்றன.

பொருத்திய நாளிலிருந்து மூன்று தொல்லைகள் இருக்கின்றன. முதலாவது, எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் முன் ஸ்பீக்கர்களில் மெல்லிய ஊளைச் சத்தம் எழுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுருதியும் ஏறுகிறது. ஸ்டீரியோவில் வால்யூமை முழுவதும் குறைத்த பிறகும் அது அப்படியே இருக்கிறது. இரண்டாவது, பின்புற இடது கதவைத் திறந்து வைத்தால் அதிலுள்ள ஸ்பீக்கர் பாடுகிறது, மூடினால் நின்றுவிடுகிறது. மூன்றாவது, கொடைக்கானல் பண்பலை 100.5 முன்பு திருமங்கலத்தைத் தாண்டியும் தெளிவாகக் கேட்கும். இப்போது வீட்டு வாசலிலேயே இரைச்சலோடு வருகிறது.

கடையில் கேட்டதற்கு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் பழையதாகிவிட்டது என்றும், அதை மாற்ற விருப்பமில்லை என்றால் இரைச்சலைத் தடுக்கும் நாய்ஸ் ஃபில்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்றும் சொல்கிறார்கள். என்னிடம் மல்டிமீட்டரும் சால்டரிங் அயனும் உள்ளன. இரண்டையும் ஓரளவு கையாளத் தெரியும். எதையும் வாங்குவதற்கு முன் எந்த வரிசையில் சரிபார்க்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பாடிஎர்த் (ஆட்டோ எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்)

வணக்கம் சார். உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. முன் ஸ்பீக்கர்களில்தான் ஊளை வருகிறது என்றும், வால்யூமைக் குறைத்தாலும் அது குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வால்யூம் கட்டுப்பாடு ஸ்டீரியோவுக்குள் இருப்பதால், அதற்கு முன்பே சத்தம் நுழைந்திருந்தால் பாட்டோடு சேர்ந்து அதுவும் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால், சத்தம் அதற்குப் பின்னால், அதாவது ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளிலோ, ஆம்ப்ளிஃபயரிலோ, கார் பாடியோடு அதை இணைக்கும் எர்த்திலோ நுழைகிறது என்று பொருள். பின்கதவு ஸ்பீக்கர்கள் அதே காரில், அதே ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தில் ஊளை இல்லாமல் பாடுகின்றனவா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாடுகின்றன என்றால், ஆல்டர்னேட்டரை மாற்றும் பேச்சை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்.

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதற்குள் இருக்கும் டையோடுகள்தான் அதை நேர்மின்சாரமாக மாற்றுகின்றன. அப்படி மாற்றிய பிறகும் சிறிய அலை ஒன்று அதில் எஞ்சியிருக்கும். நல்ல நிலையில் உள்ள ஆல்டர்னேட்டரிலும் இந்த அலை உண்டு. எஞ்சின் வேகம் கூடும்போது அதன் அதிர்வெண்ணும் கூடுவதால்தான் ஊளையின் சுருதி ஏறுகிறது. ஆகவே நாம் தேட வேண்டியது, அந்த அலை பாட்டோடு கலப்பதற்கு வழி எங்கே கிடைத்தது என்பதைத்தான்.

என் அனுபவத்தில் அந்த வழி பெரும்பாலும் டிக்கியில் உள்ள எர்த் இணைப்பில்தான் இருக்கும். ஸ்டீரியோவுக்கு டேஷ்போர்டில் ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு டிக்கியில் ஓர் எர்த், இரண்டையும் இணைப்பது காரின் பாடி. டிக்கி எர்த் சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு இடங்களுக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. அந்த வேறுபாடு, இரண்டு கருவிகளையும் இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பி வழியாகச் சமனாகப் பார்க்கிறது. அதே கம்பியில்தான் பாட்டும் போகிறது என்பதால், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் பிரித்தறியாமல் சேர்த்தே பெருக்கிக் கொடுத்துவிடுகிறது.

இதை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்க்க வேண்டாம். சாதாரண மீட்டரின் வயர்களே 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். நாம் தேடும் பழுதோ அதைவிடச் சிறியது. 20 ஆம்பியர் பாயும் இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் விழுந்துவிடும். எனவே மின்னழுத்த வீழ்ச்சியை அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும், பாட்டை நல்ல சத்தத்தில் வையுங்கள். மீட்டரை நேர்மின்சார (DC) வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகடிவ் முனையிலும், சிவப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் தொடுங்கள். டிக்கியிலிருந்து எட்டாது என்பதால், நீளமான வயர் ஒன்றைப் பேட்டரியிலிருந்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வேறெதையும் தொடுவதற்கு முன் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

சரிசெய்யும் முறை எளிதுதான், ஆனால் பொறுமை வேண்டும். பெயின்ட்டையும் அதற்கு அடியிலுள்ள பிரைமரையும் உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளபளவென்று தெரியும்படி ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள். வயரின் முனையில் லக் (உலோக வளைய முனை) வைத்து நெருக்கி, போல்ட், நட், பல் வாஷர் ஆகியவற்றோடு முறுக்குங்கள். தகரத்தில் தானே துளைத்து ஏறும் ஸ்க்ரூ நாளடைவில் தளர்ந்துவிடும். பிறகு அதன்மேல் வாசலின் அல்லது பெயின்ட் பூசிவிட்டால் துரு ஏறாது. எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருப்பதும், பேட்டரியிலிருந்து வரும் வயரின் தடிமனே அதற்கும் இருப்பதும் முக்கியம். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள். உயிரைக் காக்க வேண்டிய போல்ட்டை நாம் கழற்றி மாட்டக் கூடாது. அதன் மரையில் பூச்சு இருப்பதால் மின்தொடர்பும் நன்றாக அமையாது.

எர்த் சரியாக இருந்தும் ஊளை நிற்கவில்லை என்றால், ஸ்டீரியோவை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்சிஏ முனைகளைக் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. நடுமுனையும் வெளிவளையமும் இணைக்கப்பட்ட வெற்று ஆர்சிஏ பிளக்குகளை ஆம்ப்ளிஃபயரில் செருகி மறுபடியும் ஸ்டார்ட் செய்து கேளுங்கள். ஊளை இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலோ அதன் மின் இணைப்பிலோ பழுது. இல்லை என்றால் பழுது கேபிளிலோ ஸ்டீரியோவிலோ இருக்கிறது. அப்போது ஆர்சிஏ கேபிளும் பேட்டரி வயரும் காரின் ஒரே பக்கமாக ஒட்டி ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால் ஒன்றை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.

நாய்ஸ் ஃபில்டர் பற்றியும் கேட்டீர்கள். எர்த் பழுதாக இருக்கும்போது அதைப் பொருத்தினால் சத்தம் கொஞ்சம் அடங்கலாம். ஆனால் ஆம்ப்ளிஃபயர் தொடர்ந்து அந்தத் தளர்ந்த எர்த்திலேயே வேலை செய்யும், பாஸ் அடிக்கும்போதெல்லாம் அந்த இடம் சூடாகும். அதனால் இந்த நிலையில் அதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி: நான்குஓம் (மின்னணுப் பொறியாளர், கோயம்புத்தூர்)

மேலே ஐயா எழுதியிருப்பதோடு முழுமையாக உடன்படுகிறேன். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆல்டர்னேட்டரின் டையோடு பழுதாகியிருக்குமோ என்று ஐயம் இருந்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மாறுதிசை வோல்ட்டை அளப்பார்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிற மீட்டர்களை இதற்கு நம்ப முடியாது. அவற்றில் பல, நேர்மின்சாரத்தையும் மாறுதிசையாக எடுத்துக்கொண்டு, 14 வோல்ட் உள்ள இடத்தில் 30 வோல்ட் அளவுக்குக் காட்டும். முனைகளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். உங்கள் மீட்டர் அப்படிக் காட்டினால் அதை வைத்து ஆல்டர்னேட்டர் மீது முடிவு கட்ட வேண்டாம். பேட்டரியின் நேர்மின்சார வோல்ட்டை மட்டும் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் ஓய்ந்த நிலையில் 12.6 வோல்ட் சுற்றியும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் இருந்தால், பல பழைய கார்களைப் பொறுத்தவரை சார்ஜிங் ஒழுங்காக நடக்கிறது.

இனி கதவு ஸ்பீக்கருக்கு வருகிறேன். கதவைத் திறக்கும்போது பாடி, மூடும்போது நிற்பதால், தூணுக்கும் கதவுக்கும் இடையே உள்ள ரப்பர் உறைக்குள் ஓடும் வயர் உள்ளே முறிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். வெளித்தோல் முழுமையாக இருக்கும். உள்ளே செம்பு இழைகள் மட்டும் அறுந்திருக்கும். ரப்பர் உறையை ஒருபக்கம் விடுவித்துப் பின்னுக்குத் தள்ளி, ஒவ்வொரு வயராக மெதுவாக இழுத்துப் பாருங்கள். முறிந்த வயர் அந்த இடத்தில் மட்டும் ரப்பர்போல நீளும். நல்ல வயர் நீளாது. கண்டுபிடித்த பிறகு இரண்டு முனைகளையும் நேரடியாக இழுத்துச் சேர்க்காமல், நடுவே சிறிது புதிய வயரை ஒட்டுப் போட்டு, ஒட்டுகள் உறைக்கு வெளியே, மடங்காத இடத்தில் அமையுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சால்டர் வைத்த இடம் விறைப்பாகிவிடுவதால், அது மடங்கும் இடத்திலேயே இருந்தால் மறுபடியும் அங்கேயே முறியும்.

ஸ்பீக்கரையும் சோதித்துவிட வேண்டும் என்றால் கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்ற வேண்டியிருக்கும். பின்கதவில் கையால் சுற்றும் கண்ணாடி என்றால் அந்தக் கைப்பிடியை ஒரு சிறிய கம்பி கிளிப் பிடித்திருக்கும். ஒரு துணிப்பட்டையைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்தால் கிளிப் துணியில் சிக்கி வெளியே வரும். அது தெறித்து ஓடாதபடி மறுகையால் மூடிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் வயர் செருகியான கப்ளரைக் கழற்றிவிட்டு முனைகளில் ஓம் அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்ட வேண்டும். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தால் ‘டப்’ என்று ஒலித்துக் கூம்பு அசையும். தனியாக உள்ள சிறிய ட்வீட்டரை இப்படிச் சோதிக்க வேண்டாம். அதற்கு முன் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டரில் ஒன்றும் காட்டாது, அதை வைத்துப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் கதவுக்குள் அதற்கான உணரி இருக்கலாம். உங்கள் காரில் அது இருந்தால், பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். உணரியின் கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். வேறு யாராவது காரோடு வந்த ஸ்டீரியோவை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், பேட்டரியைக் கழற்றிய பிறகு சில ஸ்டீரியோக்கள் இரகசிய எண்ணைக் கேட்கும் என்பதால், அந்த எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. இது மிக முக்கியம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் வயரில் ஒன்று முறிந்துவிட்டது என்பதற்காக அந்த ஸ்பீக்கரின் நெகடிவ்வைக் கார் பாடியில் இணைத்துவிடாதீர்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலுமே, பாடியோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய 6 அல்லது 7 வோல்ட் நிற்கும். ஒன்றுக்கொன்று அளந்தால்தான் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதில் ஒன்றைப் பாடியில் தொட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐசி (சிப்) தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்திவிடும். சில நேரங்களில் எரிந்தும்போகும். முறிந்த வயர் இப்போது உறைக்குள் பாடியைத் தொடும் வாய்ப்பு இருப்பதால், சரிசெய்யும் வரை பின்புற இடது ஸ்பீக்கரைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மறுமொழி: அலைவரிசை (தேனி)

பண்பலை பற்றி மட்டும் என்னால் சொல்ல முடியும். கூரைமேல் உள்ள குட்டையான ஆண்டெனாக்கள் பலவற்றின் அடியில் சிறிய பெருக்கி ஒன்று இருக்கும். அதற்கு 12 வோல்ட் கொடுப்பது ஸ்டீரியோவின் வேலை. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் நீல நிற வயர் இதற்காகத்தான் இருக்கிறது. பொருத்துபவர்கள் அதை டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுவதை நிறைய பார்த்திருக்கிறேன். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, ரேடியோ ஓடும்போது நீல வயரில் 12 வோல்ட் வருகிறதா, அது காரின் கப்ளரில் ஆண்டெனா வயரோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நீல வயரும் வெள்ளைக் கோடு போட்ட நீல வயரும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக் கோடு உள்ளது ஆம்ப்ளிஃபயரை இயக்குவதற்கானது, ஸ்டீரியோ ஓடும் வரை அதில் மின்சாரம் இருக்கும். கோடில்லாத நீல வயரில் சில ஸ்டீரியோக்கள் ரேடியோவைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே மின்சாரம் தரும். அதில் ஆம்ப்ளிஃபயரை இணைத்திருந்தால் புளூடூத்துக்கு மாறியதும் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிடும்.

நீல வயர் சரியாக இருந்தும் இரைச்சல் போகவில்லை என்றால், சிகரெட் லைட்டரில் செருகியுள்ள மொபைல் சார்ஜர், டேஷ்கேம், பிற்பாடு மாற்றிய எல்இடி பல்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். 100.5ஐ வைத்துச் சோதிப்பது நல்ல வழி. மதுரையில் அது வலுவாக வர வேண்டிய நிலையம்; அதிலேயே இரைச்சல் என்றால் பழுது காருக்குள்தான் இருக்கிறது.

மறுமொழி: வைகைக்கரை (மதுரை)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். பின்கதவு ஸ்பீக்கர்களில் ஊளை இல்லை. ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் பேட்டரி நெகடிவ்வுக்கும் இடையே, பாஸ் அடிக்கும்போது 0.6 வோல்ட் வரை போனது. டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பெயின்ட்டைச் சுரண்டாமலே ஸ்க்ரூ ஏற்றியிருந்தார்கள். அதைச் சுற்றிப் பெயின்ட் பழுப்பாகக் கருகியிருந்தது. வேறிடத்தில் சுரண்டி, லக் வைத்து முறுக்கிய பிறகு 0.05 வோல்ட்தான் வருகிறது. ஊளை நின்றுவிட்டது. ஆனால் மொபைலை ஆக்ஸ் வயரில் இணைத்து, அதே நேரத்தில் சார்ஜரிலும் போட்டால் மட்டும் நான்கு ஸ்பீக்கர்களிலும் மெல்லியதாகக் கேட்கிறது.

கதவின் ரப்பர் உறைக்குள் சாம்பல், பச்சை நிற வயர்கள் இரண்டில் பச்சை முறிந்திருந்தது, இணைத்துவிட்டேன். ஆண்டெனாவின் நீல வயர் இணைக்கப்படாமலே இருந்தது. அதை இணைத்ததும் 100.5 பழையபடி கேட்கிறது.

புதிதாக ஒன்று தோன்றியிருக்கிறது. முன்பக்க ஸ்பீக்கர்களை மட்டும் வைத்துக் கேட்கும்போது, பேலன்ஸை முழுவதும் இடப்புறம் திருப்பினால் பாஸ் நன்றாக இருக்கிறது, வலப்புறம் திருப்பினாலும் நன்றாக இருக்கிறது. நடுவில் வைத்தால் பாஸ் வற்றிவிடுகிறது. ஸ்பீக்கர் பலவீனமாக இருக்குமா?

மறுமொழி: நான்குஓம் (கோயம்புத்தூர்)

ஸ்பீக்கர்களில் குறை இல்லை. ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுப்பதால், இரண்டும் சேர்ந்து பாடும்போது தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. தனித்தனியாகக் கேட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, முன்புற ஸ்பீக்கர் வயர்கள் நான்கையும் அதிலிருந்து கழற்றுங்கள். ஒவ்வொரு இணையிலும் 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு, பேட்டரியின் பிளஸ் எந்த வயரைத் தொடும்போது கூம்பு வெளிப்பக்கம் வருகிறதோ அந்த வயரில் சிவப்பு டேப் சுற்றுங்கள். கிரில் மறைத்தால் ஒருவரைக் கதவருகே நிறுத்தி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லலாம். சிவப்பு டேப் உள்ளவை இரண்டும் ஆம்ப்ளிஃபயரின் பிளஸ்ஸில் சேர வேண்டும். கதவைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆக்ஸ் விஷயத்தில், சார்ஜர் வழியாக ஓர் எர்த்தும் ஆக்ஸ் வயர் வழியாக ஓர் எர்த்தும் மொபைலுக்குக் கிடைப்பதால் டிக்கியில் நடந்ததே அங்கேயும் நடக்கிறது. அது வால்யூம் கட்டுப்பாட்டுக்கு முன்பே நுழைவதால் நான்கிலும் கேட்கிறது. சார்ஜ் ஏறும்போது புளூடூத்தில் கேட்பதுதான் எளிய வழி. ஆக்ஸ்தான் வேண்டும் என்றால் அந்த எர்த் வழியைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றை இடையில் போடலாம். மலிவானவற்றில் உள்ள சிறிய டிரான்ஸ்ஃபார்மர் பாஸைக் கொஞ்சம் குறைத்துவிடும்.

மறுமொழி: பாடிஎர்த் (திண்டுக்கல்)

பெயின்ட் கருகும் அளவுக்கு எர்த் சூடாகியிருக்கிறது என்றால், அதே கையால் போட்ட பேட்டரி வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் சார். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வரும் வயரில் அரை மீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். எஞ்சின் அறையிலிருந்து கேபினுக்குள் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயர் பக்கம் மட்டும் இருந்து, அந்தத் துளையில் வயர் தகரத்தில் உராய்ந்து தோல் கிழிந்தால், பேட்டரியின் முழு மின்சாரமும் தடையில்லாமல் அந்த இடத்தில் பாய்ந்து தீப்பிடித்துவிடும். ஃப்யூஸின் அளவு வயரின் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கட்டும். எரிந்துபோனால் பெரிய ஃப்யூஸைப் போடாமல், ஏன் எரிந்தது என்று பாருங்கள்.

டோர் பேடைக் கழற்றியிருந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளை விளிம்பு முழுவதும் திரும்ப ஒட்டிவிட்டுத்தான் மூட வேண்டும். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரை உட்பக்கம் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். ஐப்பசி மழையில் காகிதக் கூம்பு நனைந்துவிட்டால் ஸ்பீக்கரையே மாற்ற வேண்டிவரும்.